டிரம்மு கழுவுற சத்தம்

ஈஸ்ட் போடுவதற்கு முன்பே டிரம் மூச்சுவிட ஆரம்பித்திருந்தது.

காசிமாயன் கையில் ஈஸ்ட் பாக்கெட் வாய்கூடக் கிழிக்காமல் இருந்தது. காய்ச்சிய சாறு ஆறட்டும் என்று டிரம்மை மூடி வைத்துவிட்டு, குளித்துத் தலை துவட்டிக்கொண்டே வந்திருந்தான். மூடியில் செருகிய ஆஸ்பத்திரி ட்ரிப்ஸ் ட்யூப்பின் மறுமுனை ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் முங்கிக் கிடந்தது. அந்த முனையில் ஒரு குமிழி திரண்டு, கொஞ்சம் தயங்கி, மேலே வந்து உடைந்தது. ப்ளுக். அதை ஒட்டியே இன்னொன்று. ப்ளுக். அப்புறம் சத்தமில்லை. அவன் மனசுக்குள் ஐந்து எண்ணுவதற்குள் மறுபடி இரண்டு.

ஆறுகிற டிரம் காற்றை உள்ளே இழுக்கும், வெளியே விடாது. ஈஸ்ட்தான் பீருக்கு உயிர். அது சாற்றிலுள்ள இனிப்பைத் தின்று காற்றை விடும், அந்தக் காற்றுதான் குமிழியாக வரும். இதெல்லாம் அண்ணன் அருள்பாண்டி சொல்லிக்கொடுத்த பாடம். உயிரையே இன்னும் போடவில்லை, மூச்சு எங்கிருந்து வருகிறது?

பயப்பட வேண்டிய இடத்தில் அவனுக்குக் கோபம்தான் வந்தது. எதற்கும் முதலில் கோபம் வருகிற பிறவி அவன். டிரம்மை ஓர் உதை விட்டான்.

"செத்தும் கொடுத்தான் சீதக்காதிம்பாக. நீ செத்தும் கெடுக்குறியாக்கும்?"

டிரம் இரண்டு குமிழி விட்டது.

இந்த வேலையே அவனுக்குப் பிடிக்கவில்லை. மார்கழி பிறந்த அன்று அண்ணன் பெண்டாட்டி தமிழ்ச்செல்விதான் அவன் வாசலில் வந்து நின்றாள். அருள்பாண்டி போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷத்துக்கு மேலாகிவிட்டது. வருஷம் திரும்பாமல் படையல் ஆகாது என்று போன மாட்டுப் பொங்கலைத் தள்ளிவிட்டார்கள். வருகிற மாட்டுப் பொங்கல்தான் தலைப் படையல். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து நிற்க வேண்டும். அவர் வந்து சாப்பிட்டுப் போவார். அதற்கப்புறம்தான் கதவைத் திறந்து மற்றவர்கள் கை நனைக்கலாம்.

"கறியும் மீனும் நான் ஆக்கிருவேன் தம்பி. சரக்குதான்… கடைச் சரக்கை அவுக மோந்துகூடப் பாக்கமாட்டாக. அவுக வைக்கிற பீருதான் அவுகளுக்கு. சாமானெல்லாம் மிச்சம் கெடக்கு. கூடமாட நின்னு பழகுனது நீங்கதான?"

மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள். அந்தக் கேள்வியை நூல் பிடித்துக்கொண்டு போனால் அது எங்கே போய் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். அது ஒருவருக்கும் தெரியக்கூடாத இடம். "சரி மதினி" என்று சொல்லிவிட்டான்.

மிச்சம் என்று அவள் கொண்டுவந்து இறக்கியதைப் பார்த்ததும் எரிச்சல் மண்டைக்கு ஏறியது. முளைகட்டிக் காயவைத்த பார்லி அரைச் சாக்கு. வண்டு தின்றது போக மிச்சம் பாதி உமி. அதைக் கொட்டிப் புடைத்து எடுத்தால் சட்டிக்குப் பற்றாது என்று கேழ்வரகை முளைகட்டி வறுத்துக் கூடச் சேர்த்தான். எறும்பு மொய்த்த கருப்பட்டி இரண்டு. தேதி முடிந்த ஈஸ்ட் ஒரு பாக்கெட். ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ, ஃப்ரீசரில் ஐஸ் கட்டிப்போய்க் கிடந்தது. பாக்கெட்டின் மேல் பால்பாயின்ட் பேனாவால் அண்ணன் கையெழுத்தில் 'மார்கழிக்கு' என்று எழுதியிருந்தது. கடைசியாக அந்த நீல டிரம். மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால் காசிமாயன் தன் கையாலேயே தூக்கி எறிந்த டிரம். மதினி அதைத் தேடி எடுத்துக் கழுவி வைத்திருந்தாள்.

"அவுக கை பட்டதுல்ல" என்றாள்.

அருள்பாண்டி பெங்களூரில் பீர் வடிக்கிற ஹோட்டல் ஒன்றில் நாலு வருஷம் வேலை பார்த்தவன். கொரோனாவில் ஊர் திரும்பியவன், மற்றவர்கள் ஆடு வளர்ப்பது மாதிரி பீர் வளர்த்தான். போலீசுக்குத் தெரிந்தால் கம்பிதான் என்று காசிமாயன் தலைப்பாடாக அடித்துக்கொண்டான். அண்ணன் சிரிப்பான். எதற்கும் சிரிக்கிற பிறவி அவன். "பீருக்கு மார்கழிதாண்டா மாசம். நம்மூரு வெயிலு ஆகாது அதுக்கு" என்பான். அதனால் மார்கழி, தை இரண்டு மாதம் வீட்டு மூலையில் வைப்பான். மற்ற மாதமெல்லாம் கிணற்றை ஒட்டி வெட்டியிருந்த மோட்டார் குழிக்குள் டிரம்மை இறக்கிவிடுவான். இரண்டு ஆள் ஆழம். சித்திரையிலும் சிலுசிலுவென்றிருக்கும்.

காசிமாயன் பாக்கெட்டைக் கிழித்து ஈஸ்டைக் கொட்டினான். மூடியை அழுத்தி மூடினான். இனி எதற்கு வேண்டுமானாலும் குமிழி வரட்டும், அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

மறுநாள் விடியக்காலை, அம்மன் கோயில் ஸ்பீக்கர் பாட ஆரம்பிப்பதற்கு முன்பே அவனுக்கு விழிப்புத் தட்டிவிட்டது. மீனா பிரசவத்துக்கு அலங்காநல்லூரில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அவன் மட்டும்தான் வீட்டில். ஜன்னல் வழியாகப் பனி இறங்கிக்கொண்டிருந்தது, வெளியே தரிசாகக் கிடந்த வெற்றிலைக் கொடிக்காலின் மக்கிய வாசமும் ஈரச் சுவரின் சுண்ணாம்பு வாசமும் கலந்து நடுவீட்டில் தேங்கியிருந்தன, தூரத்தில் வைகைப் பாலத்தின் மேல் ஏதோ லாரி ஏறி இறங்கிப் போகிற சத்தம் தேய்ந்து அடங்கியது, அது அடங்கிய பிறகு மூலையிலிருந்து அந்தச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு. ஐந்து எண்ணுகிற நேரம். இரண்டு.

ஈஸ்ட் வேலை செய்கிற விதம் அவனுக்குத் தெரியும். முதல் நாள் மெல்ல ஆரம்பிக்கும், இரண்டாம் நாள் கொடகொடவென்று பொங்கும், நாலாம் நாள் களைத்து அடங்கும். இது பொங்கவும் இல்லை, அடங்கவும் இல்லை. கப்பலூர் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து திரும்பும்போதும் அதே கணக்குத்தான். ஐந்தாம் நாளும் அதேதான். பழைய ஈஸ்ட், அதான் இப்படி என்று தனக்கே சொல்லிக்கொண்டான். டிரம்முக்கு அடியில் பழைய மண்டி ஒட்டிக்கொண்டிருந்திருக்கும், அதான் முதலிலேயே மூச்சு வந்தது என்றும் சொல்லிக்கொண்டான். சமாதானம் சொல்லிக்கொள்ள அவனுக்கு நன்றாக வரும். ஒன்றரை வருஷப் பழக்கம்.

வாசம்தான் எந்தச் சமாதானத்துக்கும் அடங்கவில்லை. பீர் புளிக்கும்போது பன் வெந்த மாதிரி ஒரு வாசம் வர வேண்டும். ட்யூப்பின் முனையில் மூக்கை வைத்தால் ஈரச் சிமென்ட் வாசம் வந்தது. கிரீஸ் வாசம் வந்தது. அதற்கும் அடியில், கருகிய மோட்டார் காயில் வாசம்.

அந்த வாசத்தை அவன் சாகிறவரை மறக்க முடியாது.

போன வருஷம் சித்திரை. அக்கினி வெயில். காசிமாயனுக்கு அப்போது அரை ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. சோழவந்தான் வெற்றிலை கைக்குழந்தை மாதிரி, ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் முகம் வாடிவிடும். குழிக்குள் அண்ணன் வைத்திருந்த டிரம் ஒன்று பொங்கி, மூடியைத் தள்ளி, நுரை வழிந்து மோட்டாருக்குள் இறங்கிவிட்டது. காயில் கருகியது. காயில் கட்டுகிற ஆள் திருவிழாவுக்கு மதுரைக்குப் போனவன் நாலு நாள் திரும்பவில்லை. அந்த நாலு நாளும் கொடி கொடியாக வதங்கித் தொங்குவதைக் காசிமாயன் பார்த்துக்கொண்டே இருந்தான். மூணு வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்தது. நாலாம் நாள் மத்தியானம் குழியோரம் போய்ப் பார்த்தால், அண்ணன் உள்ளே உட்கார்ந்து, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு அடுத்த டிரம்மைக் கிளறிக்கொண்டிருக்கிறான்.

"கொடிக்கா காயுதுண்ணே" என்றான் காசிமாயன்.

"காஞ்சா வேற வைப்பம்டா. இந்தா, இதை ஒரு மடக்குக் குடிச்சுப் பாரு, கோவமெல்லாம் பறந்துரும்" என்று சிரித்துக்கொண்டே கரண்டியை உயர்த்தினான் அருள்பாண்டி.

காசிமாயனுக்குக் கண் இருட்டியது. குழியில் சாத்தியிருந்த மூங்கில் ஏணியைப் பிடித்து உருவி மேலே இழுத்துத் தரையில் போட்டான். "கெட. புத்தி வரட்டும்" என்றான். திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

"டேய் காசி, வெளையாடாதடா" என்று சிரிப்புக் குரல் கேட்டது. கொஞ்ச தூரம் போன பிறகு குரல் இல்லை, தட்டுகிற சத்தம் கேட்டது. கரண்டியால் டிரம்மைத் தட்டுகிற சத்தம். இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு இரண்டு தட்டு. நக்கல் பண்ணுகிறான் என்று நினைத்தான் இவன். வீட்டு முற்றத்தில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்த மதினி நிமிர்ந்து பார்த்து, "தம்பி, குழிப்பக்கம் என்ன சத்தம்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல மதினி. டிரம்மு கழுவுற சத்தம்."

டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்தபோது சத்தம் இல்லை. அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், வாய் திறந்திருந்தது. பக்கத்தில் தகர டப்பாவுக்குள் மெழுகுவர்த்தி, முக்கால்வாசி எரியாமலே அணைந்திருந்தது. குழிக்குள் பீர் விடுகிற விஷக்காற்று சேர்ந்தால் முதலில் மெழுகுவர்த்தி அணையும். "வத்தி அணைஞ்சா ஏறிறணும், யோசிக்கக் கூடாது" என்பது அண்ணனே போட்ட சட்டம். வத்தி அணைந்ததை அவன் பார்த்திருக்கிறான். ஏறத்தான் பார்த்திருக்கிறான். தட்டியது அதற்குத்தான்.

காசிமாயன் முதலில் ஏணியை எடுத்துக் குழிக்குள் சாத்தினான். அதற்கப்புறம்தான் சத்தம் போட்டான்.

ஏணி பக்கத்துலயே இருந்தும் ஏறல பாரு, விதி என்றது ஊர். ஒன்றரை வருஷமாக அண்ணன் மீதுதான் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறான் காசிமாயன். யார் உன்னை டிரம்மை அங்கே வைக்கச் சொன்னது? யார் உன்னைச் சிரிக்கச் சொன்னது? கோபத்தை இறக்கி வைத்தால் அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்துவிடும் என்று பயம். அதனால் அதை இறக்கி வைக்கவே இல்லை.

போகிக்கு முதல் நாள் சாயங்காலம் மதினி முறுக்குத் தூக்குவாளியோடு வந்தாள். நடுவீட்டில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள்.

"என்ன தம்பி சத்தம்?"

"பீரு மதினி. எப்பவும் வாரதுதான்."

"இல்ல." அவள் மூலையையே பார்த்தாள். "அவுக வைக்கயில கேட்டுருக்கேன். கொடகொடன்னு கேக்கும். இது ரெண்டு ரெண்டாவுல்ல கேக்குது."

டிரம் பேசியது. ப்ளுக். ப்ளுக்.

"அன்னைக்கும் இப்பிடித்தான் தம்பி கேட்டுச்சு. ஒண்ணுமில்ல மதினி, டிரம்மு கழுவுற சத்தம்னீக."

"ஆமா, சொன்னேன். அதுக்கென்ன இப்ப?"

"கழுவுனா தேய்க்கிற சத்தம்ல கேக்கும்?"

அவள் குரலில் குற்றம் இல்லை. சந்தேகம்கூட இல்லை. அரிசியில் கல் தட்டுப்பட்டவள் மாதிரி நின்று யோசித்தாள், அவ்வளவுதான். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"எனக்கு என்ன தெரியும்? நானா உள்ள உக்காந்துருந்தேன்? நல்லநாளும் பொழுதுமா வந்து பொணத்தக் கிளறிக்கிட்டு… போங்க மதினி, போய் அடுப்பு வேலையப் பாருங்க!"

அவள் தூக்குவாளியைத் தரையில் வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் டிரம்மைத் தூக்கித் தோளில் வைத்தான். சாறு உள்ளே தளும்பி அவன் காதோரம் மோதியது. காது டிரம்மோடு ஒட்டியிருந்ததால் குமிழிச் சத்தம் இப்போது குமிழியாகக் கேட்கவில்லை. பிளாஸ்டிக்கில் உள்ளேயிருந்து விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி கேட்டது. நேராகக் குழிக்குப் போனான். கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினான். கயிற்று முனையை மேலே கட்டைச் சுவரில் சுற்றிவிட்டான்.

"ஒனக்கு அதான எடம்? அங்கனயே கெட" என்றான்.

அந்த ராத்திரி நன்றாகத் தூங்கினான். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மாட்டுப் பொங்கல் அன்று பொழுது சாய்வதற்கு முன்னாலேயே மதினி வீட்டில் சொந்தம் கூடிவிட்டது. பேயாண்டி மாமாதான் படையலுக்குப் பெரிய ஆள். இலை போட்டு, அருள்பாண்டி படத்துக்கு மாலை போட்டு, கறியும் மீனும் முட்டையும் முறுக்கும் வைத்தாகிவிட்டது. ஒரு கண்ணாடி டம்ளர் மட்டும் காலியாக இருந்தது.

"சரக்கு எங்கப்பா?" என்றார் மாமா. "வெளக்கு வைக்கிற நேரத்துக்குக் கதவச் சாத்தணும். வெரசா கொண்டா."

"இந்தா எடுத்துட்டு வாரேன் மாமா."

"பாத்துப் போ. ஓடாத. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு ஒங்காத்தா சும்மாவா சொன்னா."

எல்லோரும் சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை. விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டே அவனைப் பார்த்தாள்.

குழிக்குப் போகிற வழியில் வெளிச்சம் மஞ்சளாகி, வரப்போர அகத்தி மரங்களின் நிழல் காய்ந்த கொடிக்கால் முழுக்க நீண்டு கிடந்தது, எங்கோ மாட்டுக் கழுத்து மணிகள் ஓடுவதும் பொடிசுகள் கத்துவதும் கேட்டன, பொங்கல் புகையும் வறட்டிப் புகையும் தரையோடு தாழ்ந்து தவழ்ந்தன. குழி வாயில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்து இழுத்தான். ஓர் அடி வந்தது. பிறகு நின்றுவிட்டது. மோட்டார் மேடையில் மாட்டியிருக்கும் என்று பக்கவாட்டில் ஆட்டி இழுத்தான். வரவில்லை. காலை உதைத்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தான்.

கயிறு ஓர் அடி உள்ளே போனது.

பிடியை விட்டுவிட்டான். உள்ளங்கை எரிந்தது. குனிந்து பார்த்தால் இருட்டு. அந்த இருட்டிலிருந்து இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு இரண்டு.

கடைச் சரக்கு ஒன்றை வாங்கி டம்ளரில் ஊற்றிவிட்டுப் போயிருக்கலாம். படையலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று பஸ் ஏறி அலங்காநல்லூர் போயிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். காசிமாயனுக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை கோபம் பற்றிக்கொண்டு எரிந்தது. ஒன்றரை வருஷம். சோறு இறங்காமல், பெண்டாட்டி முகத்தை நேராகப் பார்க்காமல், பிறக்கப்போகிற பிள்ளைக்கு அண்ணன் பேர்தான் என்று ஊரே சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டு. இன்னும் என்ன வேண்டும் இவனுக்கு?

"நான் எறங்கமாட்டேன்னு நெனச்சியா? எறங்குறேன்டா. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருவம்."

கொட்டத்துக்குப் பின்னாலிருந்து மூங்கில் ஏணியை இழுத்துவந்து சாத்தினான். புத்தி முழுசாகப் போய்விடவில்லை. தகர டப்பாவுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றிக் கம்பியில் கட்டி உள்ளே இறக்கினான். அடி வரை போய்ச் சுடர் ஆடாமல் அசையாமல் எரிந்தது. காற்று சுத்தம். போனைக் கட்டைச் சுவரில் வைத்தான். அண்ணனும் அன்றைக்குப் போனை அங்கேதான் வைத்திருந்தான் என்பது ஏணியில் நாலு படி இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

உள்ளே குளிர். மார்கழிக் குளிர் அத்தனையும் வடிந்து அந்தக் குழிக்குள் சேர்ந்திருந்தது. துருப்பிடித்த மோட்டார், அதன் மேல் சிலந்தி வலை, சுவரில் உட்கார்ந்தவன் தலை உயரத்துக்கு எண்ணெய்க் கறை. யாரோ வெகுநேரம் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்த இடம். டிரம் நடுவில் நின்றது. கயிறு எதிலும் மாட்டியிருக்கவில்லை. தளர்ந்து தரையில் கிடந்தது. பக்கத்தில், அன்றைக்கு யாரும் எடுக்காமல் விட்ட எவர்சில்வர் கரண்டி.

அது ஈரமாக இருந்தது.

காசிமாயன் டிரம் மூடியில் காதை வைத்தான். சத்தமில்லை. பதினைந்து நாளில் முதல் தடவையாகச் சத்தமில்லை. ட்யூப் எப்போதோ கழன்று கிடந்தது. மூடியைத் திறந்தான். நுரை. வெள்ளையாக, அசையாமல், வாய் வரை நுரை. உள்ளிருந்து மெல்ல ஒரு பெருமூச்சு வெளியே வந்தது. நீளமான மூச்சு. முடியவே முடியாத மூச்சு. ஹாப்ஸின் கசப்பும் கருகிய காயில் வாசமும் மூக்கில் ஏறின. அந்த மூச்சு அவன் முழங்காலைத் தொட்டது. குளிர்ச்சியாக. கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீர் ஏறுகிற மாதிரி ஏறியது.

தரையிலிருந்த மெழுகுவர்த்தி சிறுத்தது. நீலமானது. அணைந்தது.

வத்தி அணைஞ்சா ஏறிறணும். யோசிக்கக் கூடாது.

திரும்பினான். ஏணிக்குக் கை நீட்டினான்.

ஏணியின் கடைசிப் படி அவன் மார்புக்கு நேராக இருந்தது. பிறகு முகத்துக்கு நேராக. எட்டிப் பிடித்தான். மூங்கில் விரலை உரசிக்கொண்டு மேலே போனது. அவசரமில்லாமல். ஒரே இழுப்பாக. குழிக்கு வெளியே போய்த் தரையில் விழுந்தது.

மேலே சதுரமாக வானம். அதன் ஓரத்தில் ஒரு தலை குனிந்து பார்த்தது.

அது அண்ணன் முகமாக இருந்திருந்தால் காசிமாயன் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். மன்னிச்சிரு என்று கத்தியிருப்பான். அது அண்ணன் முகம் இல்லை. வெயிலில் கறுத்து, கண் சிவந்து, தாடை இறுகி, கோபத்தில் உதடு துடிக்கிற முகம். அன்றைக்குப் போட்டிருந்த அதே நீலச் சட்டை.

அவன் முகம்.

"கெட. புத்தி வரட்டும்" என்றது.

தலை மறைந்தது. செருப்புச் சத்தம். வலது செருப்பு மட்டும் தரையில் இழுபடுகிற சத்தம். அவன் நடையேதான். போய்க்கொண்டிருந்தது.

கத்தினான். வாய்தான் திறந்தது. மூச்சு இழுத்தால் மூச்சு வரவில்லை, குளிர்தான் வந்தது. கால் மடிந்தது. கை தரையைத் துழாவியது. கரண்டி அகப்பட்டது. டிரம்மைத் தட்டினான். இரண்டு. கை ஓய்ந்தது. மறுபடி தூக்கினான். இரண்டு.

மேலே செருப்புச் சத்தம் நின்றது. தூரத்தில், வீட்டு முற்றத்திலிருந்து, மதினியின் குரல். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"தம்பி, குழிப்பக்கம் என்ன சத்தம்?"

காசிமாயன் தட்டினான். இருக்கிற உயிரையெல்லாம் கையில் கூட்டித் தட்டினான்.

"ஒண்ணுமில்ல மதினி" என்றது மேலே அவன் குரல். "டிரம்மு கழுவுற சத்தம்."

அவள் யோசிக்கிறாள். கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்பாள், தேய்க்கிற சத்தம்தானே கேட்க வேண்டும் என்று இப்போது கேட்பாள்.

"சரி தம்பி. வாங்க, எலை போட்டாச்சு."

செருப்புச் சத்தம் வீட்டைப் பார்த்துப் போனது. மணி அடித்தார்கள். கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. காசிமாயன் முதுகு சுவரில் சரிந்தது. தலை அந்த எண்ணெய்க் கறையில் போய்ச் சரியாக அமர்ந்தது. கரண்டி மட்டும் கையில் இருந்தது. அதைத் தூக்கினான்.

இரண்டு.

கொஞ்சம் விட்டு, இரண்டு.